விரைவுப் படகில் எஞ்சினின் இடமும் உடலின் அளவும்

ஹைதராபாத்துக்கும் செகந்தராபாத்துக்கும் இடையே ஹுசேன் சாகர் ஏரி பரந்து கிடக்கின்றது. பதினாறாம் நூற்றாண்டில், இப்ராஹிம் குலி குதுப் ஷா அரசாண்ட காலத்தில் வெட்டப்பட்ட ஏரி இது. லும்பினி பூங்காத் துறையிலிருந்து, ஏரியின் நடுவே நிற்கும் புத்தர் சிலையை நோக்கிப் பலரை ஏற்றிய பெரிய படகு மெல்ல நகர்கின்றது. அதே நீரில், சிலரை மட்டும் ஏற்றிய விரைவுப் படகு நுரை பறக்கப் பாய்கின்றது.

கரையில் நிற்கும் மாணவனுக்கு இரு ஐயங்கள் எழக்கூடும். பெரிய படகில் இன்னும் வலிய எஞ்சினை வைத்தால் அதுவும் அவ்வாறே பாயாதா? சிறிய படகில் இரண்டு எஞ்சின்களை மாட்டினால் வேகம் இரு மடங்கு ஆகாதா? இரண்டுக்கும் விடை 'ஆகாது' என்பதே. எஞ்சினின் சக்தி, அதன் எடை, அது வைக்கப்படும் இடம், படகுடலின் அளவு ஆகிய நான்கும் ஒன்றையொன்று கட்டுப்படுத்துவன. ஒன்றை மட்டும் மாற்றிவிட்டு மற்றவற்றை மறப்பது ஆபத்தாகும்.

மிதந்து செல்லும் படகு, வழுக்கிச் செல்லும் படகு

மெல்லச் செல்லும் படகு தன் எடைக்குச் சமமான நீரை ஒதுக்கிக்கொண்டு மிதக்கின்றது. அது நகரும்போது முன்முனையில் ஓர் அலை எழுகின்றது. வேகம் கூடக்கூட அலையின் நீளமும் கூடும். அலையின் நீளம் படகின் நீளத்தை எட்டியதும், படகு தானே எழுப்பிய அலைமேட்டின் மீது ஏற முயல்வது போன்ற நிலை உண்டாகின்றது. அதற்குமேல் செலவிடும் சக்தியில் பெரும்பகுதி அலையை வளர்ப்பதிலேயே வீணாகும்.

இவ்வெல்லையைக் காண எளிய கணக்கு ஒன்று உண்டு. நீர்மட்டத்தில் படகின் நீளத்தை அடிக்கணக்கில் அளந்து, அதன் வர்க்கமூலத்தை 1.34ஆல் பெருக்கினால் வேகம் நாட் கணக்கில் கிடைக்கும். 16 அடிப் படகுக்கு இது 5.4 நாட், அதாவது மணிக்குச் சுமார் 10 கிலோமீட்டர். 36 அடிப் படகுக்குச் சுமார் 15. 64 அடிப் படகுக்குச் சுமார் 20. மிதந்து செல்லும் வகையில் நீண்ட படகே விரைவானது என்பது இதனால் விளங்கும்.

விரைவுப் படகு இவ்வெல்லையை வேறு வழியால் கடக்கின்றது. அதன் அடிப்பாகம் அகன்று தட்டையாகவோ, சிறிதே கூர்மையாகவோ அமைந்திருக்கும். போதிய வேகத்தில் நீர் அடிப்பாகத்தை மேல்நோக்கித் தள்ள, படகு எழும்பி நீர்ப்பரப்பின்மேல் வழுக்கி ஓடும். இதற்கு எடை குறைவாகவும் சக்தி மிகுதியாகவும் இருத்தல் வேண்டும். பலரை ஏற்றும் கனமான படகுக்கு வலிய எஞ்சின் ஒன்றைச் சேர்த்துவிடுவதால் மட்டும் அது எழும்பிவிடாது.

எஞ்சினை அமைக்கும் நான்கு முறைகள்

முதலாவது, உட்பொருத்து எஞ்சின். இது படகின் நடுவே, தாழ்ந்த இடத்தில் இருக்கும். ஒரு தண்டு அடிப்பாகத்தைத் துளைத்து வெளியே சென்று புரொப்பெல்லரைச் சுழற்றும். எடை நடுவில் அமைவதால் படகு நிலைபெற்று நிற்கும். ஆனால் உள்ளிடம் குறையும். தண்டு சாய்ந்திருப்பதால் உந்துவிசை முழுவதும் முன்னோக்கிப் பயன்படுவதில்லை.

இரண்டாவது, வெளிப்பொருத்து எஞ்சின். பின்பலகையில் மாட்டப்படும் இவ்வகையை ஓலே எவின்ரூட் 1909இல் அமெரிக்காவில் வணிக முறையில் பரவச் செய்தார். எஞ்சினையே திருப்பிப் படகைச் செலுத்தலாம். ஆழமற்ற இடத்தில் மேலே தூக்கிக்கொள்ளலாம். எனினும் முழு எடையும் கடைக்கோடியில், உயரத்தில் அமைகின்றது.

மூன்றாவது, இரண்டும் கலந்தது. எஞ்சின் படகின் உள்ளே பின்பகுதியிலும், அதனை ஒட்டிய செலுத்துகால் வெளியேயும் இருக்கும். வால்வோ பென்டா நிறுவனம் 1959இல் இதனைப் பெருமளவில் விற்பனைக்குக் கொணர்ந்தது.

நான்காவது, நீர்த்தாரை. நியூஸிலாந்தின் ஆழமற்ற கல்லாறுகளுக்காக வில்லியம் ஹாமில்டன் 1950க்குப் பிந்திய ஆண்டுகளில் இதனை வளர்த்தார். நீரை உள்ளிழுத்துப் பின்னே பீய்ச்சுவதால் படகு முன்னேறும். வெளியே சுழலும் அலகு இல்லாமையால் நீந்துவோருக்கு அபாயம் குறைவு. ஆனால் ஆகாயத்தாமரை படரும் நீர்நிலைகளில் நீர்வாய் அடைபடும். மேலும், எஞ்சினின் வேகத்தைத் திடீரெனக் குறைத்தால் திருப்பும் திறனும் குறைந்துவிடும்.

ஒரு எஞ்சினா, இரண்டா?

6 மீட்டர் நீளமுள்ள ஒரு படகை எடுத்துக்கொள்வோம். அதற்கு 300 குதிரைசக்தி வேண்டுமெனில், இக்கால வெளிப்பொருத்து எஞ்சின் ஒன்று சுமார் 250 கிலோ எடையிருக்கும். 150 குதிரைசக்தி எஞ்சின்கள் இரண்டாயின் சுமார் 420 கிலோ ஆகும். வேறுபாடு 170 கிலோ. படகின் எடைமையம் பின்பலகைக்கு 2.4 மீட்டர் முன்னே உள்ளதாகக் கொண்டால், அக்கூடுதல் எடை பின்புறத்தை அழுத்தும் திருப்புதிறன் 408 கிலோ-மீட்டர். 68 கிலோ எடையுள்ள ஆறு பேரை ஒரு மீட்டர் முன்னே நகர்த்தினாலன்றி அது சமன்படாது. பின்புறம் தாழ்ந்தால் முன்முனை உயர்ந்து ஓட்டுநரின் பார்வையை மறைக்கும். வேகத்தைத் திடீரெனக் குறைக்கையில் பின்னலை பலகையைத் தாண்டி உள்ளே புகவும் கூடும்.

இரட்டை எஞ்சினின் நன்மைகளும் உண்மையே. ஒன்று நின்றாலும் மற்றொன்றால் கரை சேரலாம். இரு புரொப்பெல்லர்களும் எதிரெதிர்த் திசையில் சுழன்றால் படகு ஒருபுறம் சாய்வது தவிர்க்கப்படும். ஆயினும் இரண்டும் ஒரே எண்ணெய்த் தொட்டியைச் சார்ந்திருந்தால், கலப்படம் ஒன்றே இரண்டையும் நிறுத்திவிடும்.

வேகத்தைப் பொறுத்தவரை, வழுக்கியோடும் படகில் சக்தியை இரு மடங்காக்கினால் வேகம் ஏறத்தாழ 1.4 மடங்கே உயரும். கூடுதல் எடையைக் கணக்கிட்டால் அதுவும் குறையும்.

உடலின் அளவு

நீளம், அகலம், உயரம் மூன்றையும் இரு மடங்காக்கினால், நனையும் பரப்பு 4 மடங்கும் கொள்ளளவு 8 மடங்கும் ஆகும். ஆகவே பெரிய உடல் மிகுந்த பாரத்தைத் தாங்கும். சிற்றலைகளை எளிதில் கடக்கும். சிறிய உடல் விரைவில் எழும்பும், குறுகிய வட்டத்தில் திரும்பும். ஆனால் ஒருவர் எழுந்து நின்றாலும் அதன் சமநிலை மாறும்.

அடிப்பாகத்தின் வடிவமும் கருதத்தக்கது. ரே ஹன்ட் வகுத்த ஆழ்ந்த கூரடி கொண்ட மாப்பி என்னும் படகு, 1960இல் மயாமி–நாசோ கடற்போட்டியில் வென்றது. அதன்பின் கொந்தளிக்கும் கடலுக்கு அவ்வடிவம் பரவலாக ஏற்கப்பட்டது. அமைதியான ஏரியில் அத்தனை கூர்மை தேவையில்லை. அது மிகுந்த சக்தியை வேண்டும்.

2018 நவம்பரில் விஜயவாடா அருகே கிருஷ்ணா நதியில் நடந்த உலகப் போட்டியில் இரட்டையுடல் படகுகள் ஓடின. இவ்வகைப் படகு சுமார் 6 மீட்டர் நீளமும் 400 கிலோ எடையும் உடையது. ஏறத்தாழ 400 குதிரைசக்தியால் மணிக்கு 200 கிலோமீட்டருக்கு மேல் செல்லும். காற்றே அதனைத் தூக்கிக் கவிழ்க்கக்கூடும் என்பதால், ஓட்டுநர் வலிய காப்பறையினுள் கட்டுண்டு அமர்கின்றார். அதே நீளமுள்ள பயணிகள் படகுக்கு அதே சக்தியைத் தரலாகாது என்பதை இதிலிருந்து உணரலாம்.

இரு நிகழ்ச்சிகள்

1990 மார்ச்சில், 300 டன்னுக்கு மேற்பட்ட புத்தர் சிலையை ஹுசேன் சாகரில் ஏற்றிச் சென்ற மிதவை சாய்ந்து, சிலை நீரில் அமிழ்ந்தது, உயிர்களும் பறிபோயின. 1992 டிசம்பரிலேயே சிலை பீடத்தில் நிறுவப்பட்டது. அது எஞ்சினால் நேர்ந்ததன்று. ஆயினும் மிதக்கும் பொருளின் மீது பெரும் பாரம் நிலைபெயர்ந்தால் நேர்வது யாது என்பதை நகரம் கண்டது.

2024 டிசம்பர் 18 அன்று மும்பைத் துறைமுகத்தில், எஞ்சின் சோதனையில் இருந்த கடற்படை விரைவுப் படகு ஒன்று கட்டுப்பாட்டை இழந்து, எலிபெண்டா தீவுக்குச் சென்ற நீல்கமல் என்னும் பயணிகள் படகின் மீது மோதியது. 15 பேர் மாண்டனர். எஞ்சினைச் சோதிக்கும் நீர்ப்பரப்பு பயணிகள் செல்லும் வழியிலிருந்து விலகியிருத்தல் வேண்டும் என்பதை இது உணர்த்துகின்றது.

வகுப்பறையிலும் துறையிலும் செய்யத்தக்கவை

ஆசிரியர் 30 சென்டிமீட்டர் நீளமுள்ள மெல்லிய பலகையை நீர்த்தொட்டியில் மிதக்கவிட்டு, முன்முனையில் கட்டிய நூலால் இழுத்துக் காட்டலாம். நாணயங்களை முதலில் நடுவிலும், பின்னர்ப் பின்முனையிலும், அதன்பின் ஒன்றன்மேல் ஒன்றாக ஓரத்திலும் வைத்து இழுத்தால், எழும்புதல், முன்முனை தூக்குதல், கவிழ்தல் ஆகிய மூன்றையும் மாணவர் காண்பர்.

களப்பணியாளர் துறையில் நான்கினைக் கவனித்தல் நலம்: படகில் குறிக்கப்பட்ட ஆள் எண்ணிக்கையும் குதிரைசக்தி வரம்பும் மீறப்பட்டுள்ளனவா, பாரம் ஏற்றியபின் பின்பலகை நீருக்கு மேல் எவ்வளவு நிற்கின்றது, அனைவரும் உயிர்காப்பு அங்கி அணிந்துள்ளனரா, ஓட்டுநர் விழுந்தால் எஞ்சினை நிறுத்தும் கயிறு அவர் உடலில் மாட்டப்பட்டுள்ளதா. பழைய எஞ்சினுக்குப் பதிலாகப் புதியது பொருத்தப்பட்டிருந்தால், அதன் எடையைக் கேட்டறிந்து, பயணிகளை ஏற்றுமுன் அப்பாரத்துக்கு நிகரான மணல்மூட்டைகளை வைத்து ஓட்டிப் பார்க்கச் செய்தல் வேண்டும்.