எந்த ஆங்கில உச்சரிப்பைப் பழகுவது?

பிரிட்டிஷா, அமெரிக்கனா என்று குழம்புகிறீர்களா? யாரோடு அதிகம் பேசப் போகிறீர்களோ, அவர்கள் உச்சரிப்பையே பழகுங்கள். லண்டனில் படிப்பென்றால் பிபிசி வானொலி, சிகாகோவில் வேலையென்றால் அமெரிக்க வானொலியான என்பிஆர் தினமும் காதில் விழட்டும். 'கார்' என்பதன் கடைசி 'ர்' அமெரிக்கர் பேச்சில் தெளிவாக ஒலிக்கும். லண்டன் பேச்சில் பெரும்பாலும் ஒலிக்காது.

ஐஈஎல்டிஎஸ் பேச்சுத் தேர்வில் தமிழ்ச் சாயலுக்காக மதிப்பெண் குறையாது. பேச்சு புரிய வேண்டும், அவ்வளவுதான். கேட்டல் பகுதியில் ஆஸ்திரேலியர் உட்படப் பலரும் பேசுவார்கள், எல்லா உச்சரிப்புகளையும் கேட்டுப் பழகுங்கள்.

எந்த உச்சரிப்பானாலும் நாம் முதலில் கவனிக்க வேண்டியது அசையழுத்தம். 'ஹோட்டல்' என்பதில் இரண்டாம் அசையை அழுத்த வேண்டும். அடுத்து வி, டபிள்யூ: முன்னதற்கு மேற்பல் கீழுதட்டைத் தொட வேண்டும், பின்னதற்கு உதடு குவிய வேண்டும். கண்ணாடி முன் நின்று சொல்லிப் பாருங்கள்.