விலையேற்றக் காலத்தில் சாமான் கொள்முதலும் சமையலும்

1942-ஆம் வருஷம் மார்ச்சு மாதத்தில் ரங்கூன் ஜப்பானியர் வசமாயிற்று. பர்மா அரிசி சென்னை மாகாணத்திற்கு வருவதும் நின்றது. அரிசி விலை ஏறவே, பருப்பு, எண்ணெய், புளி முதலியவற்றின் விலையும் ஏறிற்று. கிராமக் குடும்பங்கள் அப்பொழுது அடைந்த கஷ்டத்திற்கு யுத்தமே முழுக் காரணமென்று கூறுவது வழக்கம். அவர்கள் சாமான் வாங்கிய முறையும் ஒரு காரணமாகும்; எந்த விலையேற்றக் காலத்திற்கும் இது பொருந்தும்.

தை மாதத்தில் களத்திலேயே நெல்லை விற்றுக் கடனைக் கட்டிய குடியானவர், ஆடி மாதத்தில் அரிசிக்குக் கடை வாசலில் நின்றார். விற்றது மலிவான காலம். வாங்கியது கிராக்கியான காலம். ரொக்கமில்லாமையால் பற்றெழுதி ஆழாக்கு ஆழாக்காக வாங்கினார். ஆழாக்குக்குக் காலணா கூடுதலாயின், எட்டு ஆழாக்குக் கொண்ட படி ஒன்றுக்கு இரண்டணா நஷ்டம். அளவுக் குறைவு வேறு. பற்று வைத்திருப்பவர் அளவைப்பற்றி வாய் திறப்பதில்லை. வேறு கடைக்குப் போகவும் துணிவதில்லை.

ஆகையால் முதலில் கவனிக்கவேண்டியது நெல். தானிய ஈட்டின்பேரில் சங்கத்தில் கடன் கிடைக்குமாயின், வீட்டுச் சாப்பாட்டிற்கு வேண்டிய நெல்லையேனும் அறுவடையில் விற்காமல் குதிரில் நிறுத்திக் கொள்ளலாம். பல்லில் கடித்தால் நறுக்கென்று ஒடியும்படி அது காய்ந்திருத்தல் அவசியம். ஈரநெல்லைக் குதிரில் இட்டவருக்கு மிஞ்சுவது பூஞ்சணமும் வண்டுமே.

மற்றச் சாமான்களை அங்கத்தினர் கூடி மூட்டையாக வாங்கிப் பிரித்துக்கொள்ளலாம். 1844-ஆம் வருஷம் இங்கிலாந்திலுள்ள ராச்டேல் என்னும் ஊரில் நெசவாளர் முதலிய தொழிலாளிகள் 28 பேர் திறந்த கடையில் மாவு, வெண்ணெய், சர்க்கரை, மெழுகுவத்தி போன்ற சில சரக்குகளே இருந்தன. சரியான நிறை, கலப்பில்லாத சரக்கு, ரொக்க விற்பனை ஆகிய மூன்றையும் அவர்கள் விடவில்லை. லாபத்தை அவரவர் வாங்கிய அளவுக்குத் தக்கபடி பங்கிட்டனர். சென்னைத் திருவல்லிக்கேணியில் 1904-ஆம் வருஷம் ஏற்பட்ட ஐக்கிய பண்டகசாலையும் இவ்வழியைச் சேர்ந்ததே. கடனுக்குக் கொடுக்கத் தொடங்கும் பண்டகசாலை, வெகு சீக்கிரத்தில் மற்றொரு பற்றுக்கடையாகிவிடும்.

வாங்கிய அரிசியின் சத்து அடுப்பங்கரையில் வீணாவதும் உண்டு. அரிசியைப் பலமுறை தேய்த்துக் கழுவி, வடித்த கஞ்சியையும் கொட்டிவிடுவதால் சத்தில் ஒரு பகுதி சாக்கடைக்குப் போகிறது. மாகாணத்தின் வடசர்க்கார் ஜில்லாக்களில், தீட்டிய பச்சரிசியை உண்ட ஜனங்களிடையே பெரிபெரி என்னும் வியாதி கண்டது; புழுங்கலரிசி உண்டவர்களிடம் அது அரிது. நெல்லை அவிக்கும்பொழுது தவிட்டுச் சத்து அரிசிக்குள் இறங்குவதே காரணம். ஆகவே கைக்குத்தல் அரிசியோ புழுங்கலோ உபயோகித்து, ஒருமுறை அல்லது இருமுறை களைந்து, வற்றுமளவு தண்ணீர் வைப்பது உசிதம். வடித்தே ஆகவேண்டுமென்னும் வீட்டில், கஞ்சியை உப்பும் மோரும் கலந்து அருந்தலாம். ஒரு வேளை கேழ்வரகுக் களியோ கம்பங்கூழோ செய்தால் அரிசி மிச்சப்படும். கேழ்வரகில் அரிசியைவிடப் பலமடங்கு சுண்ணாம்புச் சத்து உண்டு. அதைக் கௌரவக் குறைவென்று ஒதுக்குவோர் அரிசிக்குக் கடன் வாங்குவதைக் கௌரவமாக எண்ணுவது விந்தை! விறகும் விலைச்சரக்கே. பருப்பை முன்னரே ஊறவைத்து, பாத்திரத்தை மூடி வேகவைத்தால் அதுவும் குறையும்.

அக்காலத்தில் சங்கக் கூட்டத்தில் பெரும்பாலும் ஆண்களே அமர்ந்து கொள்முதலைத் தீர்மானித்தனர். வீட்டில் மாதத்திற்கு எவ்வளவு உளுந்து செலவாகிறதென்பது அவர்களில் பலருக்குத் தெரிந்திருக்கவில்லை. பட்டியலை வீட்டுப் பெண்களைக் கேட்டே எழுதவேண்டும். புளியும் மிளகாயும் மாசி, பங்குனியில் புதிதாக வருவதால், பட்டியல் தை மாதம் முடிவதற்குள் காரியதரிசியிடம் சேருவது நல்லது. புளியைக் கொட்டை நீக்கி, வெயிலில் உலர்த்தி, இடையிடையே உப்புத் தூவிப் பானையில் அழுத்தி வைத்தால் மறுவருஷப் புளி வரும்வரை கெடாது.