லென்ஸின் எடையும் அது செய்யும் வேலையும்

காமிரா, ஸ்டூடியோ சாமான்கள் விற்கும் நம் அங்கத்தினர்களுக்காக இந்தப் பாடம். மற்றவர்களும் படிக்கலாம்.

கவுன்டருக்கு வரும் கல்யாண போட்டோகிராபர் பெரும்பாலும் கேட்பது, "பெரிய லென்ஸ் போட்டால் படம் நன்றாக வருமா?" என்பதுதான். "ஆமாம்" என்று சொல்லி விற்பது சுலபம். ஆனால் கடன் வாங்கி எடுத்துப் போனவர் முகூர்த்த மாதங்கள் முடிவதற்குள் அதைப் பாதி விலைக்குத் தள்ள அலைந்தால், அப்புறம் நம் கடைப் படியை மிதிக்க மாட்டார். ஆகவே பதில் நமக்குச் சரியாகத் தெரிந்திருக்க வேண்டும்.

முதலில் கணக்கைப் பார்ப்போம். லென்ஸின் குவியத் தூரத்தை அதன் மேல் போட்டிருக்கும் எஃப் எண்ணால் வகுத்தால், ஒளி நுழையும் வாசலின் விட்டம் கிடைக்கும். 50 மி.மீ. லென்ஸில் எஃப் 1.8க்கு வாசல் சுமார் 28 மி.மீ.; எஃப் 1.2க்கு சுமார் 42 மி.மீ. விட்டம் ஒன்றரை மடங்கு, உள்ளே வரும் ஒளி இரண்டே கால் மடங்கு. இந்த இரண்டே கால் மடங்குக்கு என்ன விலை கொடுக்கிறோம் என்பதற்குக் கேனான் ஆர்.எஃப். வரிசையில் நல்ல உதாரணம் இருக்கிறது. 2020ல் வந்த 50 மி.மீ. 1.8 லென்ஸ் 160 கிராம். உள்ளே 6 கண்ணாடிகள். 2018ல் வந்த 50 மி.மீ. 1.2 எல் லென்ஸ் 950 கிராம். உள்ளே 15 கண்ணாடிகள். எடை கிட்டத்தட்ட ஆறு மடங்கு. அமெரிக்காவில் வெளியான சமயத்தில் சிறியதன் விலை சுமார் 200 டாலர், பெரியதன் விலை சுமார் 2,300 டாலர்.

கூடுதல் கண்ணாடி எதற்கு? வாசலை அகலத் திறந்தால் படத்தின் ஓரம் மங்கும், இருளும். விளிம்புகளில் நிறம் பிசிறும். அதையெல்லாம் திருத்தத்தான் அத்தனை கண்ணாடி. விளக்கு மங்கிய மண்டபத்தில், ஃபிளாஷ் போடாமல், பின்னணி கரைந்து போக மணப்பெண்ணின் முகத்தை எடுப்பவருக்கு அந்தப் பணம் வீண் அல்ல. ஆனால் மேடையில் சொந்தபந்தம் இருபது பேரை நிறுத்தி, ஃபிளாஷ் போட்டு எஃப் 8ல் எடுக்கும் குரூப் படத்தில் இரண்டு லென்ஸுக்கும் உள்ள வித்தியாசம் வெகுவாகக் குறைந்துவிடும். ஆல்பத்தில் அதைப் பார்த்து, எந்த லென்ஸில் எடுத்தது என்று பெண் வீட்டார் சொல்லப் போவதில்லை.

ஆட்டோஃபோகஸ் விஷயத்தில்தான் பலர் ஏமாறுகிறார்கள். பெரிய லென்ஸ் என்றால் ஃபோகஸும் வேகம் என்று ஒரு நினைப்பு. உள்ளே நகர வேண்டிய கண்ணாடி எவ்வளவு கனமோ, மோட்டாருக்கு அவ்வளவு சுமை. கேனானின் பழைய இ.எஃப். வரிசையில் 85 மி.மீ. 1.2 எல் இரண்டாம் பதிப்பு (2006) ஒரு கிலோவுக்கு மேல். கனமான கண்ணாடித் தொகுதியே நகர்வதால் ஃபோகஸ் மெதுவாகத்தான் போகும். 1992ல் வந்த 85 மி.மீ. 1.8 லென்ஸ் 425 கிராம்தான். பின்பக்கத்துச் சிறு கண்ணாடிகளே நகர்வதால் சட்டென்று பிடிக்கும். மேலும் 85 மி.மீ. லென்ஸை 1.2ல் திறந்து ஒன்றரை மீட்டரில் எடுத்தால், தெளிவாக விழும் ஆழம் இரண்டு செ.மீ. அளவே. மணமகன் சற்றுத் தலையசைத்தாலும் கண் மங்கி மூக்கு தெளியும். தாலி கட்டும் நேரத்தில் இரண்டாவது வாய்ப்பு கிடையாது.

சிறியதிலும் மறைவான சங்கதி உண்டு. இக்கால மிரர்லெஸ் காமிராக்களில் சில சிறு லென்ஸ்களின் கோணலை காமிராவே கணக்குப் போட்டுத் திருத்திவிடுகிறது. ஆர்.எஃப். 16 மி.மீ. 2.8 லென்ஸ் 165 கிராம்தான் என்றால், அதற்குக் காரணங்களில் இதுவும் ஒன்று. திருத்தத்தில் மூலைகள் இழுபடும். பெரிய அளவில் பிரிண்ட் போடுபவரிடம் இதை முன்கூட்டியே சொல்லிவிடுங்கள்.

எடை குறைந்தும் வேலை குறையாத சரக்கும் உண்டு. நிக்கானின் பழைய 300 மி.மீ. எஃப் 4 லென்ஸ் 1,440 கிராம். 2015ல் பேஸ் ஃப்ரெனல் என்ற விசேஷக் கண்ணாடி வைத்து வந்தது 755 கிராம். வேடந்தாங்கலுக்குப் பறவை எடுக்கப் போகிறவருக்குப் பாதிச் சுமை மிச்சம். ஆனால் பலமான விளக்கு நேராக விழுந்தால் அதைச் சுற்றி வளையம் போல ஒளி சிதறக்கூடும்.

இனி நம் முதலுக்கு வருவோம். மேலே சொன்ன டாலர் கணக்கில் 1.2 ஒன்று அலமாரியில் உட்கார்ந்தால் பதினோரு 1.8க்கான பணம் உட்கார்ந்த மாதிரி. 1.8 கைமாறிக்கொண்டே இருக்கும், 43 மி.மீ. ஃபில்டரும் கூடவே போகும். சின்ன ஊர்க் கடைக்கு என் யோசனை: பெரியதில் ஒன்றே ஒன்று வாங்கி நாள் வாடகைக்கு விடுங்கள். ஆறு மணி நேரம் கழுத்தில் மாட்டி ஒரு கல்யாணம் எடுத்து வந்த பிறகு, வேண்டுமா வேண்டாமா என்று அவரே சொல்லிவிடுவார். வாங்கினால் வாடகையைக் கழித்துக்கொள்ளலாம். வாடகைக்குப் போகாத நாட்களில் ஈரம் புகாத பெட்டியில், 40 முதல் 50 சதவீத ஈரப்பதத்தில் வையுங்கள். கடலோர ஊர்களில் ஒரு மழைக்காலம் சும்மா கிடந்தாலே கண்ணாடியில் பூஞ்சை பிடித்துவிடும்.