வினாவைத் திருத்துதல்

வகுப்பறையில் ஆராய்ச்சி செய்யப் புகும் ஆசிரியர்க்கு முதற்கண் வேண்டுவது செவ்விய வினாவேயாம். அஃது எடுத்த எடுப்பில் அமைவதன்று.

"மாணவர் ஏன் விடையளிப்பதில்லை?" என்றே நாம் முதலில் வினவினோம். குற்றம் அவர் மேலது என்னும் தீர்ப்பு அவ்வினாவிலேயே மறைந்திருந்தது; அளந்தறிதற்கும் அதில் ஒன்றுமில்லை. ஆதலால், "விடையளிக்க நாம் அவர்க்கு எவ்வளவு நேரம் தருகின்றோம்?" எனத் திருத்தினோம். கடிகாரங்கொண்டு நோக்கியவழி, ஒரு விநாடி கழியுமுன்னரே வேறொருவனை அழைத்து வந்தமை புலனாயிற்று. மந்தரென ஒதுக்கிய சிலர்க்கு நாம் காலமே தந்திலோம் என்பதறிந்து நாணினோம்.

மேரி பட் ரோ என்னும் அமெரிக்க அம்மையார் 1974இல் வெளியிட்ட ஆய்வும் இத்தகையதே. ஆசிரியர் சராசரி 1 விநாடியே பொறுத்தனர் என்றும், 3 விநாடிக்கு மேற் பொறுத்தபோது விடைகள் நீண்டன, வாளாவிருத்தல் குறைந்தது என்றும் அவர் கண்டார்.

ஆகவே மூன்றாமுறை, "3 விநாடி பொறுப்பின், பின்வரிசை மாணவர் விடைகள் எங்ஙனம் மாறும்?" என வரைந்துகொண்டோம். இஃது ஒரு வகுப்பில், ஒரு பருவத்தில், ஓர் ஆசிரியரால் ஆராயத்தக்கது.

ஆசிரியராக விழையும் அன்பர்கள், கைவிட்ட வினாக்களையும் அழியாது தேதியிட்டு வைப்பாராக. நமது பிழை எங்கிருந்தது என்பதை அவையே காட்டும்.