சர்வரில் ஒரே ஃபைல் பத்து இடத்தில் இருக்கிறதா?

விண்டோஸ் சர்வரில் டீடூப்ளிகேஷனை ஆன் செய்யுமுன் பார்க்க வேண்டியவை:

1. ஒரே சம்பளப் பட்டியலைப் பத்துப் பேர் பத்து ஃபோல்டரில் வைத்திருப்பார்கள். இந்த வசதி ஃபைல்களை 32 முதல் 128 கேபி வரையான துண்டுகளாகப் பிரித்து, ஒத்த துண்டை ஒருமுறை மட்டும் சேமிக்கும்.

2. விண்டோஸ் சர்வர் 2012 முதல் இது கிடைக்கிறது. டிஸ்க் என்டிஎஃப்எஸ் முறையில் இருக்க வேண்டும். ஆர்ஈஎஃப்எஸ் என்றால் 2019 பதிப்பு தேவை. சி டிரைவில் இது வேலை செய்யாது. தரவைத் தனி வால்யூமுக்கு மாற்றிய பிறகே தொடங்குங்கள்.

3. ஒரு டிபி தரவுக்கு ஒரு ஜிபி ராம் என்று கணக்கு வையுங்கள்.

4. முதலில் அளந்து பாருங்கள். டிடிபிஈவால் என்ற சிறு கருவி, எதையும் மாற்றாமல் எவ்வளவு இடம் மிஞ்சும் என்று சொல்லிவிடும். பயனர் ஆவணங்களில் 30 முதல் 50 சதவீதம், விர்ச்சுவல் மெஷின் நூலகங்களில் 80 முதல் 95 சதவீதம் மிஞ்சும் என்கிறது மைக்ரோசாஃப்ட். கருவி காட்டும் எண் சொற்பமாக இருந்தால் விட்டுவிடுங்கள். சர்வருக்கு வீண் சுமை ஏற்ற வேண்டாம்.

5. நாள் முழுக்க எழுதப்படும் டேட்டாபேஸுக்கு இது ஒத்துவராது. என்க்ரிப்ட் செய்த ஃபைல்களிலும் பயன் இல்லை. உள்ளே ஒரே தரவு இருந்தாலும் வெளியே வெவ்வேறாகத்தான் தெரியும்.

6. ஃபைலை அழித்ததும் இடம் கூடவில்லையே என்று பதற வேண்டாம். யாருக்கும் தேவைப்படாத துண்டுகளை வாரம் ஒருமுறை நடக்கும் துப்புரவுப் பணிதான் அகற்றும்.

7. இந்த வசதியை நீக்க நினைத்தால் எல்லா ஃபைலும் பழைய அளவுக்கு விரியும். அதற்கு இடம் இருக்கிறதா என்று பார்த்துக்கொள்ளுங்கள். மிஞ்சிய இடம் முழுவதையும் நிரப்பிவிட்டவர்களுக்குத் திரும்பும் வழி அடைபட்டுவிடும்.

8. இதுதான் மிக முக்கியம். ஒரு துண்டை நூறு ஃபைல்கள் நம்பியிருக்கும்போது அது கெட்டால் நூறும் கெடும். அதிகம் பயன்படும் துண்டுகளுக்கு விண்டோஸ் கூடுதல் நகல் வைத்துக்கொள்கிறது. ஆனாலும் அது பேக்கப் ஆகாது. உங்கள் பேக்கப் மென்பொருள் டீடூப்ளிகேஷனை ஏற்கிறதா என்று கேளுங்கள். வேறொரு டிஸ்க்கில் முழு பேக்கப் எடுத்து, அதிலிருந்து பத்து ஃபைலையாவது மீட்டுத் திறந்து பார்த்த பிறகே இதை ஆன் செய்யுங்கள்.