மருத்துவரின் புகழும் ஆய்வும்

(இரண்டாம் ஆண்டு இளம் அறிவியல், கணிதவியல்)

முன்னுரை

ஒரு மருத்துவரின் சொல்லை எதைக் கொண்டு நம்புவது? அவரைப் பின்தொடர்வோரின் எண்ணிக்கையைக் கொண்டா, அவர் செய்த ஆய்வைக் கொண்டா? கைபேசி இல்லாத வீடே அரிதாகிவிட்ட இந்நாளில் இக்கேள்வி நகரத்தார்க்கு மட்டும் உரியதன்று. கொல்லிமலையில் எங்கள் குண்டனி நாட்டிலும் சர்க்கரை நோய்க்கும் மூட்டு வலிக்கும் மருத்துவர்கள் கூறும் யோசனைகளைக் கைபேசியில் கேட்கிறார்கள். "இத்தனை லட்சம் பேர் பாக்குறாங்க, பொய்யா இருக்குமா?" என்று பெரியவர்கள் கேட்கிறார்கள். எங்கள் வீட்டில் கல்லூரிப் படி ஏறிய முதல் ஆள் நான் என்பதால் விடை சொல்லும் பொறுப்பும் என்னைச் சேர்கிறது. தவறான யோசனையைக் கேட்டு நோய் முற்றினால், 70 கொண்டை ஊசி வளைவுகளைக் கடந்தல்லவா நோயாளியைக் கீழே கொண்டு செல்ல வேண்டும்!

புகழை அளக்கும் கணக்கு

2014 ஆம் ஆண்டு நீல் ஹால் என்னும் ஆங்கிலேய அறிவியலாளர் 'ஜீனோம் பயாலஜி' இதழில் ஒரு குறியீட்டை வெளியிட்டார். அமெரிக்கப் பிரபலமான கிம் கர்தாஷியனின் பெயரால் அது 'கர்தாஷியன் குறியீடு' எனப்படுகிறது. 40 அறிவியலாளர்களின் டுவிட்டர் கணக்குகளையும், அவர்களது ஆய்வுகளைப் பிறர் மேற்கோள் காட்டிய எண்ணிக்கையையும் அவர் ஒப்பிட்டார்.

கணக்கு எளியது. மேற்கோள்களின் எண்ணிக்கையை 0.32 என்னும் அடுக்குக்கு உயர்த்தி 43.3 ஆல் பெருக்கினால், அவருக்கு இருக்க வேண்டிய பின்தொடர்வோரின் எண்ணிக்கை கிடைக்கும். 1,000 மேற்கோள்கள் பெற்றவருக்கு ஏறத்தாழ 395 பேர். 10,000 பெற்றவருக்கு ஏறத்தாழ 825 பேர். அதாவது ஆய்வுப் பெருமை பத்து மடங்கானாலும் புகழ் இரு மடங்கே ஆகிறது! உண்மையில் உள்ள எண்ணிக்கையை இதனால் வகுத்து வரும் ஈவு 5 ஐத் தாண்டினால், அவர் புகழ் ஆய்வை மிஞ்சியது எனலாம் என்றார் ஹால். இதனை அவர் பாதி வேடிக்கையாகவே எழுதினார் என்பதையும் நாம் மறத்தலாகாது.

பெயர் தெரியாத பெரும்பணி

நம் சென்னையையே எடுத்துக்கொள்வோம். 1956 இல் அங்கே காசநோய் மருத்துவ ஆய்வு மையம் தொடங்கப்பட்டது. வாலஸ் ஃபாக்ஸ் என்னும் மருத்துவரின் தலைமையில் 193 நோயாளிகளை இரு பிரிவாக்கி, ஒரு பிரிவினரைச் சானடோரியத்திலும் மறு பிரிவினரை வீட்டிலும் வைத்து ஒரே மருந்துகளைக் கொடுத்தனர். சானடோரியத்தில் நல்ல உணவும் ஓய்வும் கிடைத்தன. எனினும் வீட்டில் மருந்து உண்ட ஏழை நோயாளிகளும் ஏறத்தாழ அதே அளவு குணமடைந்தனர். 1959 இல் இம்முடிவு வெளியானது. காசநோயாளியை வீட்டைவிட்டுப் பிரிக்கும் வழக்கம் உலகெங்கும் மாறுவதற்கு இது பெருங்காரணமாயிற்று. இந்த ஆய்வில் உழைத்த மருத்துவர், செவிலியர் பெயர்களை நம்மில் எத்தனை பேர் அறிவோம்?

இரண்டும் இணைந்தால்

ஆயினும் புகழ் பெற்றோரெல்லாம் ஆய்வற்றோர் என்று கருதுவதும் தவறு. அதே மையத்தில் 1992 முதல் பணியாற்றிய குழந்தை மருத்துவர் சௌமியா சுவாமிநாதன் காசநோயிலும் எச்.ஐ.வி.யிலும் பல ஆய்வுகள் செய்தவர். 2019 முதல் 2022 வரை உலகச் சுகாதார நிறுவனத்தின் முதல் தலைமை அறிவியலாளராக இருந்து, கொரோனாக் காலத்தில் தடுப்பூசி பற்றி மக்களுக்கு எளிமையாக விளக்கினார். ஆய்வு ஏட்டிலேயே உறங்கினால் மக்களுக்குப் பயனில்லை. அதை எடுத்துரைப்பதும் ஒரு தொண்டே.

மேலும், மேற்கோள்களும் முழு அளவுகோல் அல்ல. மலைக் கிராமத்தில் நள்ளிரவில் பிரசவம் பார்க்கும் மருத்துவர் ஓர் ஆய்வுக் கட்டுரையும் எழுதியிராமலிருக்கலாம். அவர் காத்த உயிர்களை எந்தக் குறியீடு எண்ணும்?

முடிவுரை

ஆகவே தோழர்களே, பின்தொடர்வோர் தொகை ஒருவரை எத்தனை பேர் பார்க்கிறார்கள் என்பதைக் காட்டும். அவர் சொல்வது மெய்யா என்பதைக் காட்டாது. அவர் கூறுவது அவருடைய துறையைச் சார்ந்ததா? நோயாளிகளிடம் சோதித்து அறிந்ததா? அதனால் அவர் எதையேனும் விற்கிறாரா? இம்மூன்றையும் கேட்போம். படித்த நாம் இவற்றை நம் வீட்டுப் பெரியவர்களுக்கும் பக்குவமாக எடுத்துச் சொல்வோம். எந்தக் காணொளியைப் பார்த்தாலும், நேரில் பார்த்த மருத்துவர் தந்த மாத்திரையை அவரைக் கேளாமல் நிறுத்தலாகாது என்பதை முதலில் சொல்வோம்.