அக்யூட்டிலிருந்து கிரானிக்குக்கு: டயாலிசிஸ் நர்ஸ்கள் மாறுவதற்கு முன்

அமெரிக்காவில் டயாலிசிஸ் நர்ஸ்களுக்கு இரண்டு பாதைகள் உண்டு. ஆஸ்பத்திரிக்குள் படுத்திருக்கும் நோயாளிகளுக்குச் செய்வது அக்யூட். வாரம் மூன்று நாள் வீட்டிலிருந்து வந்துபோகும் நோயாளிகளுக்கு வெளிக் கிளினிக்கில் செய்வது கிரானிக். அக்யூட்டில் சில வருடம் ஓடிய பிறகு, வீட்டையும் கொஞ்சம் கவனிக்கலாமே என்று கிரானிக் பக்கம் பார்ப்பவர்கள் நிறையப் பேர். அந்த ஆசை நியாயமானது. ஆனால் கிளினிக் வேலை லேசானது என்று நம்பி மாறினால் முதல் மாதத்திலேயே மனம் நொந்துபோகும். அங்கே வேலை குறையாது, நேரம்தான் ஒழுங்குக்கு வரும். உங்களை அலுக்கவைப்பது நேரமா வேலையா என்று தெரிந்துகொண்டால் பாதி முடிவு எடுத்தாயிற்று.

அக்யூட்டில் நர்ஸின் நேரத்தை நோயாளியின் உடம்புதான் தீர்மானிக்கிறது. பொட்டாசியம் ஏறி இதயத்துடிப்பு தடுமாறுபவர், நுரையீரலில் நீர் கோத்து மூச்சுக்குத் திணறுபவர், மெத்தனாலோ லித்தியமோ ரத்தத்தில் ஏறியவர் ஆகியோரை விடியட்டும் என்று காக்கவைக்க முடியாது. ஆன்-கால் இரவில் போன் வந்தால் கிளம்ப வேண்டும். பல ஆஸ்பத்திரிகள் இந்தச் சேவையை வெளி நிறுவனங்களிடம் ஒப்பந்தத்துக்கு விட்டிருப்பதால், ஒரே நர்ஸ் இரண்டு மூன்று ஆஸ்பத்திரிகளுக்குப் பொறுப்பாக இருப்பதும் உண்டு. தமிழ்நாட்டில் பெரும்பாலும் டெக்னீசியன் பார்த்துக்கொள்ளும் வேலைகளும் அங்கே நர்ஸ் கைக்கே வருகின்றன: மெஷினையும் சிறிய ஆர்.ஓ. கருவியையும் உருட்டிக்கொண்டு போவது, தண்ணீரில் குளோரின் இருக்கிறதா என்று சோதிப்பது, முடிந்ததும் கிருமிநீக்கம் செய்வது. அதன் பிறகோ வேலையில் ஒரு நிதானம் இருக்கிறது. ஒரு நர்ஸ், ஒன்றோ இரண்டோ நோயாளிகள், மூன்று நான்கு மணி நேரம் முழுக் கவனம். அக்யூட்டை விட மனமில்லாதவர்கள் பெரும்பாலும் இந்த நிதானத்துக்காகவே தங்குகிறார்கள். அவர்களைத் தேய்ப்பது, இன்று எத்தனை மணிக்கு வீடு திரும்புவோம் என்று பிள்ளையிடம் சொல்ல முடியாத நிலை.

கிரானிக் கிளினிக் நாள்காட்டியில் ஓடுகிறது. 1960-இல் சியாட்டிலில் பெல்டிங் ஸ்கிரிப்னர் உருவாக்கிய ஷன்ட், ஒரே நோயாளிக்குத் திரும்பத் திரும்ப டயாலிசிஸ் செய்ய வழி திறந்தது. 1962-இல் அதே ஊரில் வெளிநோயாளிகளுக்கான மையம் வந்தது. 1972-இல் சிறுநீரகம் செயலிழந்தவர்களை வயது பார்க்காமல், முதியோருக்கான அரசுக் காப்பீடான மெடிகேரில் சேர்க்கும் சட்டம் நிறைவேறியது. கிளினிக்குகள் நாடெங்கும் பெருகியது அதன் பிறகுதான். அவற்றின் நாள்காட்டி இதுதான்: ஒரு குழு நோயாளிகள் திங்கள், புதன், வெள்ளி. மறு குழு செவ்வாய், வியாழன், சனி. ஞாயிறு பெரும்பாலும் விடுமுறை. ஆனால் அன்றைய முதல் பிரிவை அதிகாலை ஐந்து மணிக்கே மெஷினில் ஏற்றும் கிளினிக்குகள் பல. அங்கே ஊழியர்கள் நாலு, நாலரைக்கே உள்ளே இருக்க வேண்டும். ஒரு பிரிவை இறக்கி, நாற்காலியையும் மெஷினையும் துடைத்து, அடுத்த பிரிவை ஏற்றும் அந்த ஒரு மணி நேரம்தான் நாளின் கடினமான பகுதி. டெக்னீசியன்கள் துணைக்கு இருந்தாலும் பல நோயாளிகளுக்கான பொறுப்பு ஒரே நர்ஸ் மேல் நிற்கும். சிகிச்சை நடக்கும்போது பதிவுபெற்ற நர்ஸ் ஒருவர் அங்கே இருந்தாக வேண்டும் என்கிறது மத்திய விதி. ஒரு நர்ஸுக்கு எத்தனை பேர் என்று எண்ணிக்கை எதையும் அது வைக்கவில்லை. இரண்டு நாள் இடைவெளிக்கு அடுத்த நாளில் மரண விகிதம் கூடுவதை 2011-இல் நியூ இங்கிலாந்து மருத்துவ இதழில் வந்த ஆய்வு காட்டியது. திங்களும் செவ்வாயும் அதிக நீரோடு வரும் நோயாளிகளைக் கவனிப்பவர்களுக்கு அந்த நாட்களின் பாரம் புரியும். கிறிஸ்துமஸ் போன்ற விடுமுறை வந்தால் சிகிச்சையை விட்டுவிட முடியாது. வாரத்தையே நகர்த்தி, ஞாயிற்றுக்கிழமை திறப்பார்கள்.

ஆகவே, சிறு பிள்ளைகளோ வயதான பெற்றோரோ வீட்டில் இருந்து, இரவு அழைப்புதான் உங்களை உலுக்குகிறது என்றால் கிரானிக் பொருந்தும். பிற்பகலோ மாலையோ கைக்கு வரும், அடுத்த மாத அட்டவணை இப்போதே தெரியும். காலையில் பிள்ளையைப் பள்ளிக்கு அனுப்ப வேறு ஆள் இல்லையென்றால் அந்த ஒழுங்கே பகையாகும். ஒரே நேரத்தில் பலரைக் கவனிப்பதுதான் உங்களுக்குச் சிரமம் என்றால் மாறவே வேண்டாம். அக்யூட்டிலேயே ஆன்-கால் குறைந்த இடத்தையோ பகுதி நேரத்தையோ கேட்டுப் பார்ப்பது மேல்.

மாறினால் திறமை மழுங்கிவிடும் என்பது வழக்கமான தடை. ஐ.சி.யு. நோயாளியைக் கையாளும் கூர்மை பழக்கம் விட்டால் குறையும், உண்மைதான். அதற்கு ஈடாக வேறொரு அறிவு வளர்கிறது. ஒரே கையின் ஃபிஸ்டுலாவை மாதக்கணக்கில் பார்ப்பவருக்கு, அது அடைபடத் தொடங்குவது முன்கூட்டியே தெரியும். நோயாளியின் சரியான எடை எது, ரத்தச்சோகை ஏன் தேறவில்லை என்பதெல்லாம் தொடர்ந்து பார்ப்பவருக்கே பிடிபடும். இதைத் தாழ்ந்த வேலையாக நினைப்பது பெரிய தவறு. பணம் பற்றிய தடை இன்னும் வலுவானது. ஆன்-கால் படியும் ஓவர்டைமும் போனால் வருமானம் குறையலாம்; மணிக்கூலியை மட்டும் ஒப்பிடாமல் கடந்த ஆண்டின் மொத்த வருமானத்தை வைத்துக் கணக்குப் போடுங்கள். அதிகம் பேசப்படாத ஒன்றும் உண்டு. வாரம் மூன்று முறை, வருடக்கணக்கில் பார்த்த முகம் ஒரு நாள் வராமல் போகும். அக்யூட்டில் மரணத்தைப் பார்த்துப் பழகியவர்களுக்கும் இந்த இழப்பு புதியது.

மூன்றாவது பாதை ஒன்று இருக்கிறது: வீட்டிலேயே டயாலிசிஸ் செய்யக் கற்றுத்தரும் நர்ஸ் வேலை. பெரும்பாலும் வாரநாட்களில், பகலில். போன் அழைப்புகள் உண்டு, நடுராத்திரியில் மெஷின் உருட்டும் வேலை இல்லை. 2019-இல் வந்த அதிபர் ஆணை வீட்டு டயாலிசிஸைப் பெருக்கச் சொன்னது. ஆனால் இதற்கு 12 மாத நர்ஸிங் அனுபவத்தோடு, கற்றுத்தரும் அந்த முறையிலேயே மூன்று மாத அனுபவமும் வேண்டும் என்கிறது விதி. அக்யூட்டிலிருந்து நேரே தாவுவது கடினம் என்பதால், சில வருடத்தில் இங்கே வந்துசேரும் எண்ணத்தோடு கிரானிக்கில் நுழைவது நல்ல திட்டம்.

ஒப்புக்கொள்ளும் முன் கிளினிக்கிடம் கேட்க வேண்டியவை சில. கடைசி நோயாளி உண்மையில் எத்தனை மணிக்குக் கிளம்புகிறார்? கடந்த ஓராண்டில் எத்தனை நர்ஸ்கள் வேலையை விட்டார்கள்? ஆள் குறைந்தால் வேறு கிளினிக்குக்கு அனுப்புவார்களா? ஒரு திங்கட்கிழமை பிரிவு மாறும் நேரத்தில் உள்ளே நின்று பார்க்க அனுமதியும் கேளுங்கள். காரணம் சொல்லாமல் மறுக்கும் இடத்தை விட்டுவிட்டு அடுத்த கிளினிக்குக்கு விண்ணப்பம் போடலாம்.